காம்பு கிள்ளும் யந்திரம்

மிளகாய்க்குக் காம்பு கிள்ளுவது என்பது எங்கள் நாகலாபுரத்துக் கரிசல் பூமியில் மாசி, பங்குனி மாதங்களில் திண்ணைக்குத் திண்ணை நடைபெறுகிற வைபவம். அதில் கலந்துகொண்ட கைகள் இரவெல்லாம் எரியும் என்பதையும், அந்தக் கையால் மறந்து கண்ணைத் தொட்டவர் அடுத்த வருஷம் வரை அதை மறக்கமாட்டார் என்பதையும் நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் விஞ்ஞானம் போதித்து ஓய்வு பெற்றவனாகிய அடியேன், என் தர்மபத்தினி இரண்டு கைகளையும் மோரில் ஊறவைத்துக்கொண்டு, "இத்தன வருசமா சைன்ஸ் வாத்தியாரா இருந்து என்னத்தக் கிழிச்சீக?" என்று வினவிய ஓர் இரவில், காம்பு கிள்ளும் யந்திரம் ஒன்றைச் சிருஷ்டிப்பதாகச் சங்கல்பம் செய்துகொண்டேன்.

நாலே நாட்களில் யந்திரம் காகிதத்தில் பிறந்துவிட்டது. எதிரும் புதிருமாகச் சுழலும் இரண்டு உருளைகள். அவற்றின் நடுவே காம்பு மாத்திரம் நுழையக்கூடிய சந்து. நுழைந்த காம்பை உருளைகள் கவ்வி அறுத்துவிட, பழம் மேலேயே தங்கிவிடும். நான் வரைந்த படத்தில் மிளகாய்கள் அத்தனையும் காம்பைக் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டு, காலைப் பிரார்த்தனைக்கு நிற்கும் மாணவர்களைப் போல வரிசையாக நின்றன. என் மாணவர்கள் ஒரு நாளும் அப்படி நின்றதில்லை என்பது அப்போது ஏனோ என் நினைவுக்கு வரவில்லை.

1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தை வாசித்ததில் இரண்டு விஷயங்கள் தெளிவாயின. முதலாவது, ஊரறிந்துவிட்ட கண்டுபிடிப்புக்குப் புதுமை போய்விடும் என்பது. ஆகவே பட்டறை வாசலை மிதிப்பதற்கு முன்பே, 1,600 ரூபாய் கட்டணத்துடன், சென்னை கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்துக்குத் தற்காலிக விவரக்குறிப்பு ஒன்றைக் கணினி வழியே அனுப்பிவைத்தேன். முழு விவரக்குறிப்பை அன்றிலிருந்து 12 மாதங்களுக்குள் தாக்கல் செய்யவேண்டும். இரண்டாவது, மாதிரி யந்திரம் ஒன்றைச் செய்து காட்டியே தீரவேண்டும் என்ற கட்டாயம் நம் சட்டத்தில் இல்லை. கண்ட்ரோலர் அவசியமென்று கருதினால் கேட்கலாம், அவ்வளவுதான். அமெரிக்காவிலோ 1880 வரை மாதிரி இல்லாத விண்ணப்பத்தை ஏறெடுத்தும் பாரார்கள். ஆபிரகாம் லிங்கனே, மணல்திட்டில் தட்டிய படகைத் தூக்கிவிடும் தம் உபாயத்துக்கு மரத்தில் மாதிரி செய்து கொடுத்துத்தான் 1849-இல் காப்புரிமை பெற்றார். நம் தேசத்தில் இந்த வகைச் சட்டம் வந்த 1856-ஆம் வருஷத்தில் முதன்முதலாக விண்ணப்பித்தவர் கல்கத்தாவில் இருந்த டி பென்னிங் என்கிற இன்ஜினீயர். அவர் கண்டுபிடித்தது, ஆள் வைத்து இழுக்கும் பங்கா விசிறியைத் தானே இழுக்கும் யந்திரம். யாரோ ஒருவருடைய கைக்கு ஓய்வு கொடுப்பதில் ஆரம்பித்த அந்தப் பரம்பரையில் நானும் சேர்ந்துவிட்டதாகப் பூரித்து, மாதிரி தேவையில்லை என்ற சுபச் செய்தியை வீட்டில் அறிவித்தேன். "படத்துல போட்டா காம்பு போயிருமா?" என்று ஒரே கேள்வி வந்தது. மறுநாள் நான் கோவில்பட்டி பஸ்ஸில் ஏறினேன்.

லேத் பட்டறைத் தம்பி என் படத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு சார்?" என்றார். அது ரகசியம் என்று சொன்னேன். "சரி சார், ரகசியத்த எத்தன நூல் கம்பியில போடணும்?" என்று அவர் கேட்டபோது, ஒன்பது விண்ணப்பப் படிவம் பூர்த்தி செய்த எனக்கு அதற்கு விடை தெரியவில்லை. கோவை ஜி. டி. நாயுடு அவர்களைப் போலச் சொந்தத்தில் தொழிற்சாலை வைத்திருப்பவர்களுக்கு இப்படிப்பட்ட பரீட்சைகள் நேர்வதில்லை.

சட்டம் 12 மாதம் என்று நாட்காட்டியில் எண்ணுகிறது. பட்டறையோ வெள்ளாமையை வைத்து எண்ணுகிறது. வைகாசியில் ஊர்ப் பொங்கல். ஆவணியில் டிராக்டர் கலப்பைக்குக் கொழு அடிக்கும் கூட்டம். ஆயுத பூஜைக்கு யந்திரங்களெல்லாம் சந்தனம் பூசிக்கொண்டு ஓய்வெடுத்தன. ஐப்பசி மழையில் கரிசல் சேறு செருப்பைப் பிடித்துக்கொண்டு என்னையே விடவில்லை. தையிலோ கதிரடிக்கும் மிஷின்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றன. போகும்போதெல்லாம் "அடுத்த வாரம் சார்" என்பார் தம்பி. மாசி பிறந்து, கெடுவுக்கு ஒரு மாதமே மிஞ்சியிருந்தபோது, அரசாங்கக் கட்டணத்தைப் போல ஐந்து மடங்கு கூலி வாங்கிக்கொண்ட என் சிருஷ்டி, லக்கேஜ் டிக்கெட்டுடன் ஊர் வந்து சேர்ந்தது.

ஐந்து கிலோ வற்றலைக் கொட்டி மோட்டாரைப் போட்டேன். காம்பை நீட்டிக்கொண்டு நிற்கவேண்டிய மிளகாய்கள் கண்டபடி படுத்துக்கிடந்தன. உருளைகள் பாரபட்சம் பாராமல் காம்பு, பழம், விதை எல்லாவற்றையும் ஒருங்கே விழுங்கின. ஒரு வருஷப் பிரயத்தனத்தின் பலனாக நான் கண்டுபிடித்திருந்தது மிளகாய்ப்பொடி மில். தெரு முழுவதும் தும்மிக்கொண்டு என் வீட்டு வாசலில் கூடிவிட்டது. தற்காலிக விவரக்குறிப்பு முன்னதாகவே போயிராவிட்டால், என் புதுமை அன்றைக்குத் தும்மலோடு தும்மலாகப் பறந்திருக்கும்.

கூட்டம் கலைந்தபின் நாலு வீடு தள்ளியிருக்கும் தச்சாசாரி மாத்திரம் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வாத்தியாரய்யா, உருளை சரிதான். மேல ஒரு தகரத்துல ஓட்டை போட்டு, சொளவு மாதிரி ஆட்டிப் பாருங்க, காம்பு தன்னால ஓட்டையில எறங்கும்" என்றார். மூன்றாம் நாள் அவரே ஒரு மரச்சட்டத்தில் பழைய எண்ணெய் டின் தகரத்தை அடித்துக் கொண்டுவந்தார். பத்தில் ஆறு மிளகாய் காம்பில்லாமல் வந்து விழுந்தது. நான் ஆனந்தத்தில் திளைத்தேன். அன்றிரவு சட்டத்தை மறுபடி வாசித்ததும் ஆனந்தம் பாதியாயிற்று. சொன்னதைச் செய்துகொடுத்தவர் கண்டுபிடிப்பாளர் ஆகமாட்டார். லேத் தம்பி அந்த வகை. ஆனால் யோசனையையே கொடுத்தவரை அப்படி ஒதுக்கிவிட முடியாது.

ஆகவே முழு விவரக்குறிப்போடு போகவேண்டிய படிவங்களை எடுத்துக்கொண்டு ஆசாரியார் வீட்டுக்குப் போய், கண்டுபிடிப்பாளர் என்று அவர் பெயரையும் சேர்த்திருக்கிறேன், கையெழுத்துப் போடவேண்டும் என்றேன். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த பேங்கு, வாத்தியாரய்யா?"

பேங்கு இல்லை, ஜாமீன் இல்லை, கடன் இல்லை என்று கால் மணி நேரம் சத்தியம் செய்தேன். அவருக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. கடைசியில் அடுப்படிப் பக்கம் கையைக் காட்டி, "சொளவு யோசன நம்மது இல்ல. அவ பொடைக்கதப் பாத்துத்தான் சொன்னேன். வேணும்னா அவகிட்டக் கையெழுத்து வாங்கிக்கிடுங்க" என்றார்.

உள்ளேயிருந்து, "எந்த பேங்கு?" என்று குரல் வந்தது.