பகல் பன்னிரண்டு மணிக்கு ஓர் அறை

செஞ்சிக்குக் குடும்பத்தோடு போவதென்று முடிவானவுடன் வீட்டில் முதலில் எழும் சண்டை கட்டிலைப் பற்றியது. கோட்டையின் முறை அப்புறம்தான் வரும். செஞ்சி ஊரிலேயே தங்குவதா, வெளியூரில் தங்கிக்கொண்டு கோட்டைக்கு வந்து போவதா? வெளியூர் என்றால் பெரும்பாலும் புதுச்சேரி. ஏறத்தாழ 70 கிலோமீட்டர். பக்தி கொஞ்சம் தூக்கலான வீடு என்றால் திருவண்ணாமலை. 40 கிலோமீட்டர் இருக்கும். சிக்கனக்காரர் ஒருவர் மூலையிலிருந்து திண்டிவனத்தைச் சொல்வார், யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். 2025 ஜூலையில் மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன, மிச்சமிருக்கும் ஒன்று செஞ்சி. அதுவரை திருவண்ணாமலைக்குப் போகிற வழியில் பஸ் ஜன்னலிலிருந்து கோட்டையைப் பார்த்து, "ராஜா தேசிங்கு கோட்டை" என்று பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுத் தூங்கிப் போனவர்கள் எல்லாம் இப்போது இறங்கிப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். ஆகவே கட்டில் சண்டையும் சூடு பிடித்திருக்கிறது. இதில் நான் செஞ்சிக் கட்சி. என் காரணம் வாடகையோ வசதியோ அல்ல, சூரியன்.

இந்த வழக்கு உலகம் முழுக்க நடக்கிறது. அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் டிஸ்னி பூங்காவுக்குப் போகிற குடும்பங்கள், பூங்காவுக்குள் இருக்கும் ஓட்டலா, வெளியே மலிவான ஓட்டலா என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். உள்ளே தங்குகிறவர்களுக்கு மற்றவர்களைவிட அரை மணி நேரம் முன்னதாக நுழைவு உண்டு. அந்த அரை மணிக்காகவே கூடுதல் வாடகை கொடுக்கிறார்கள். செஞ்சியில் அப்படி ஒரு சலுகை கிடையாது. உள்ளே தங்கும் ஓட்டலும் கிடையாது, இனி வரவும் வராது. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும் என்பது 2010-இல் திருத்தப்பட்ட தொல்லியல் சட்டம். ஆக, கோட்டைக்குள்ளேயே நிரந்தரமாகத் தங்கும் உரிமை குரங்குகளுக்கு மட்டும். அவை வாடகை தருவதில்லை; வருகிறவர்களின் பையைச் சோதித்து வரி வசூலிக்கின்றன. மனிதர்களுக்குச் 'செஞ்சியில் தங்குவது' என்றால் ஊருக்குள், பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள விடுதிகளில் தங்குவது. அங்கிருந்து கோட்டை திருவண்ணாமலைச் சாலையில் சுமார் இரண்டு கிலோமீட்டர்; ஆட்டோவில் ஏறினால், பேரம் முடிவதற்குள் வந்துவிடும்.

எல்லோரும் அறையை இராத்திரிக்காகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மெத்தை எப்படி, ஏ.சி. சத்தம் போடுமா, காலையில் இட்லி உண்டா, நீச்சல் குளம் உண்டா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். இராத்திரியில் குடும்பம் எங்கே வேண்டுமானாலும் தூங்கும். மலை ஏறி இறங்கிய குடும்பம் பஸ் நிலையத்துப் பெஞ்சிலும் தூங்கும். செஞ்சியில் அறை நிஜமாகத் தேவைப்படுவது பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை. கோட்டையின் பெரிய மலையான ராஜகிரி கிட்டத்தட்ட 800 அடி உயரம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். ஏறுகிற வழியில் மண் குறைவு, பாறை அதிகம். காலையில் குளிர்ந்து கிடக்கும் அதே பாறை பதினோரு மணிக்குத் தோசைக்கல். அதனால் காலையில் வாசல் திறந்ததும் ஏறத் தொடங்கி, வெயில் முற்றுவதற்குள் இறங்கிவிட வேண்டும். இறங்கியபின் குளித்து, சாப்பிட்டு, மின்விசிறியின் கீழே காலை நீட்டிப் படுத்து, நாலு மணி வாக்கில் எழுந்து கல்யாண மகாலையும் களஞ்சியங்களையும் வெங்கடரமணர் கோயிலையும் நிதானமாகச் சுற்றலாம். மறுநாள் காலை சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிருஷ்ணகிரி மலை. இந்தக் கணக்கில் நடு மூன்று மணி நேரத்துக்கு அறை இல்லாவிட்டால் மற்றதெல்லாம் சரிந்துவிடும். புதுச்சேரியில் எத்தனை நட்சத்திர அறை வைத்திருந்தாலும் பன்னிரண்டு மணிக்கு அது 70 கிலோமீட்டருக்கு அப்பால் குளிர்ந்துகொண்டிருக்கும். அறைக்காரர் புளியமரத்தடியில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் வைத்திருப்பார்; பின் இருக்கையில் மூன்று பேர் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து கிடப்பார்கள்.

விந்தை என்னவென்றால், பெரிய ஓட்டல்களின் கடிகாரமும் செஞ்சியின் கடிகாரமும் ஜென்ம விரோதிகள். பதினொன்று, பன்னிரண்டு மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். புதிதாக வருகிறவரை இரண்டு மணி வரை வரவேற்பறைச் சோபாவில் உட்கார வைப்பார்கள். மனிதனுக்கு அறை மிகமிக வேண்டிய அந்த இரண்டு மணி நேரம் அங்கே அறை யாருக்கும் சொந்தமில்லை. நம் சிறு ஊர் லாட்ஜுகளில் பல இன்னும் 24 மணி நேரக் கணக்கில் நடக்கின்றன. மாலை ஐந்துக்கு உள்ளே போனால் மறுநாள் மாலை ஐந்து வரை அறை உங்களுடையது. இதைக் கண்டுபிடித்த மனிதர் ஏதோ ஒரு கோடையில் ஏதோ ஒரு மலை ஏறியவராகத்தான் இருக்க வேண்டும். சோப்பு கட்டைவிரல் அளவில் இருக்கலாம், சுவரில் கொசு அடித்த சரித்திரம் இருக்கலாம். அந்த மத்தியானத் தூக்கத்துக்கு முன்னால் இதெல்லாம் பொருட்டே இல்லை.

சரித்திரமும் என் பக்கம்தான் பேசுகிறது, கொஞ்சம் வளைத்தால். 1690-இல் அவுரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் செஞ்சிக்கு வந்து வெளியே தங்கினார். சிவாஜியின் மகன் ராஜாராம் உள்ளே தங்கினார். பிற்பாடு குடும்பமும் வந்து சேர்ந்தது. முற்றுகை 1698 வரை இழுத்தது. நடுவில் மராட்டியப் படைகள் வெளியிலிருந்து நெருக்கியதும், உணவுத் தட்டுப்பாடு தாங்காமல் கான் வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று. அதாவது, வெளியே தங்கியவர் இன்னும் வெளியே போனார். கடைசியில் கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை. முன்னதாகவே வேலூருக்குத் தப்பிப் போய்விட்டார். கானுக்கும் மராட்டியருக்கும் உள்ளுக்குள் ஏதோ உடன்பாடு இருந்தது, அதனால்தான் இத்தனை ஆண்டு இழுத்தது என்ற சந்தேகம் அன்றைக்கே இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் சரித்திரம் படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். பதினாறு வருஷம் கழித்து நடந்ததும் இப்படித்தான். 1714-இல் செஞ்சியை ஆண்ட தேசிங்கு ஆற்காட்டு நவாபின் பெரும்படையை எதிர்க்கக் கோட்டையை விட்டுச் சிறு குதிரைப் படையோடு வெளியே போனார்; திரும்பவில்லை. அந்த வீரத்தை நாட்டுப்புறப் பாட்டுகள் இன்றும் கொண்டாடுகின்றன. விடுதி விஷயத்தில் அது எந்தக் கட்சிக்குச் சாதகம் என்று மட்டும் கவனித்தால் போதும்.

இந்த இடத்தில் புதுச்சேரிக் கட்சியில் விவரமானவர் ஒருவர் கையைத் தூக்குவார். "1750-இல் பிரெஞ்சுக்காரர்கள் இதே கோட்டையை ஒரே ராத்திரியில் பிடித்தார்களே, அவர்கள் என்ன காந்தி பஜாரில் ரூம் போட்டார்களா?" நல்ல கேள்வி. பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் ஆட்கள் சாயங்காலம் வாசலை உடைத்து உள்ளே நுழைந்து, இருட்டிலேயே மலைகளின் மேல் ஏறி, விடிவதற்குள் வேலையை முடித்தார்கள். எட்டாண்டு முற்றுகையைத் தாங்கிய கோட்டை ஒரே இரவில் விழுந்ததற்கு வரலாற்று ஆசிரியர்கள் பல காரணம் சொல்வார்கள். வெயில் இல்லை என்பதை யாரும் சேர்ப்பதில்லை. நான் சேர்க்கிறேன். தொல்லியல் துறை நம்மை இராத்திரியில் ஏற விடாது. பிற்பகலில் ஒரு நேரத்துக்கு மேல் ராஜகிரிப் படியில் கால் வைக்கவே விடமாட்டார்கள், இருட்டுவதற்குள் இறங்க வேண்டுமே என்ற அக்கறையில். ஆக, புஸ்ஸியின் வழி நமக்கு அடைத்த வழி. ஓட்டல் காலைப் பலகாரத்தை 'காசு கொடுத்தாச்சே' என்று மூன்று சுற்றுச் சாப்பிட்டு, ஒன்பதரைக்குக் கார் ஏறி, திண்டிவனத்தில் காபி குடித்து, பதினொன்றரைக்குக் கோட்டை வாசலில் இறங்கும் குடும்பம் சுல்பிகர் கானின் வழியில்தான் போகிறது.

அதே நபர் விடமாட்டார், ஓர்ம் என்பவரை இழுப்பார். பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களை எழுதிய ராபர்ட் ஓர்ம், கர்நாடகச் சீமையிலேயே உடம்புக்கு மிகக் கெட்ட ஊர் செஞ்சி என்று எழுதி வைத்திருக்கிறார். ஒரு சமயத்தில் நூறு ஐரோப்பியருக்கு மேல் இங்கே வைக்காத பிரெஞ்சுக்காரர்கள், கோட்டை தம் கையில் இருந்த பத்தாண்டுகளில் 1200 பேரை இழந்தார்களாம். ஒரு ஊருக்கு இதைவிட மோசமான சான்றிதழ் கிடைப்பது கஷ்டம். ஆனால் அவர்கள் வருஷக்கணக்கில் தங்கினார்கள், நாம் இரண்டு இரவு. அவர்கள் வெயிலில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு காவல் நின்றார்கள், நாம் பனியனோடு மின்விசிறிக்குக் கீழே. கொதிக்க வைத்த தண்ணீரும் கொசுவர்த்தியும் வந்தபிறகு அந்தச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது என்றே நினைக்கிறேன்.

திருவண்ணாமலைக் கட்சியின் வாதம் வேறு மாதிரி. அதில் புண்ணியம் கலந்திருப்பதால் எதிர்த்துப் பேச நாக்குக் கூசும். "சாமியையும் பார்த்தாச்சு, கோட்டையையும் பார்த்தாச்சு" என்பார்கள். தூரம் குறைவுதான், சாலையும் ஒரே நேர்ச்சாலை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திருவண்ணாமலையில் தங்கிய குடும்பம் கிரிவலம் போகாமல் வராது. கிரிவலம் 14 கிலோமீட்டர், அதுவும் வெறுங்காலோடு. முதல் நாள் இரவு 14 கிலோமீட்டர் நடந்த பாதத்தை மறுநாள் காலை ராஜகிரிப் படியில் வைத்தால் அந்தப் பாதம் அருணாசலேசுவரரிடமே முறையிடும். பௌர்ணமியன்று என்றால் பேச்சே வேண்டாம். அன்றைக்கு அறை கிடைப்பதே தரிசனம் கிடைப்பதைவிடப் பெரிய அருள். இரண்டு மலையும் வேண்டும் என்றால் செஞ்சியை முதலில் முடித்துக்கொண்டு திருவண்ணாமலைக்குப் போகலாம். அண்ணாமலையைச் சுற்றினால் போதும், ஏற வேண்டியதில்லை. இறங்கி வந்த முழங்காலுக்கு அது ஆறுதல்.

பெரியவர்கள் பற்றிய கவலைதான் எல்லாவற்றிலும் நியாயமானது. எழுபது வயது மாமியாரை லாட்ஜில் தங்க வைப்பதா என்று கேட்பார்கள். மாமியாரின் ஒரு நாளைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். அவர் ராஜகிரி ஏறப் போவதில்லை. அடிவாரத்தில் கல்யாண மகாலைப் பார்ப்பார், யானைக் குளத்தைப் பார்ப்பார், பேரப்பிள்ளைகள் மேலே போவதைக் கண்ணில் கைவைத்துப் பார்ப்பார். ஒரு மணி நேரத்தில் இடுப்பு வலிக்கும். அறை செஞ்சியில் இருந்தால் ஆட்டோவில் ஏறிப் பத்து நிமிஷத்தில் போய்ப் படுத்துக்கொள்வார். அறை புதுச்சேரியில் இருந்தால், மற்றவர்கள் இறங்கி வரும்வரை அவர் கல்லில் உட்கார்ந்து குரங்குகளிடமிருந்து குடும்பத்தின் புளியோதரையைக் காக்க வேண்டும். பெரியவர்களின் சௌகரியத்துக்காகத்தான் தூரத்து ஓட்டல் என்பவர்கள் அந்தக் காவல் வேலையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கழிப்பறை விஷயத்தில் மட்டும் நான் வாதாட மாட்டேன். அறையைக் காட்டும்போது முதலில் அந்தக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். சிறு ஊரில் இப்படிப் பார்ப்பதை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சில பேருக்குச் செஞ்சியில் தங்குவது வீண் என்பதும் உண்மை. சென்னையிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிற வழியில் இரண்டு மணி நேரம் இறங்கிப் பார்ப்பவர்கள் ராஜகிரியைக் கீழிருந்து கும்பிட்டுவிட்டு, சமதளத்தில் உள்ளதை மட்டும் பார்த்துப் போகட்டும். அதுவே நிறைய இருக்கிறது. அக்கினி நட்சத்திரத்தில் கிளம்புகிறவர்கள் எங்கே தங்கினாலும் பலன் ஒன்றுதான். நீச்சல் குளம் இல்லாத ஊரை ஊராகவே மதிக்காத பிள்ளைகள் இருக்கும் வீட்டில் என் வாதம் எடுபடாது. அங்கே தீர்ப்புச் சொல்வது அவர்கள். அப்படிப்பட்ட வீட்டுக்கும் ஒரு சமரசம் உண்டு. முதல் இரண்டு இரவு செஞ்சி, மூன்றாவது இரவு புதுச்சேரி. லஞ்சம் என்று சொல்லாமல் பரிசு என்று சொன்னால் பிள்ளைகள் கிருஷ்ணகிரியைக்கூட ஏறிவிடுவார்கள்.

புதுச்சேரிக்குப் போனால் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்களைப் பார்க்க வேண்டும். செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்து எடுத்துப் போனவை என்று சொல்லப்படும் தூண்கள் அவை. வேலைப்பாட்டைக் கிட்டத்தில், கடல் காற்றில், மூச்சு வாங்காமல் பார்க்கலாம். வெளியூரில்தான் தங்குவோம் என்று பிடிவாதம் பிடித்து, பதினொன்றரைக்குக் கோட்டை வாசலில் இறங்கி, பாதிப் படியில் திரும்பி வந்தவர்கள் அவற்றின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, செஞ்சி பார்த்தாயிற்று என்று உறவினர்களுக்கு அனுப்பலாம். பார்ப்பவர்களில் பாதிப் பேருக்கு வித்தியாசம் தெரியாது.