உறைகாரர்

எதிரில் இருப்பவர் கையிலுள்ள பொருளைக் கண்ணிமைக்காமல் பார்த்து, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்து அதன் நீள அகலங்களைக் காற்றிலேயே அளந்து, "இதுக்கு ஒரு உறை போட்டா எப்பிடி இருக்கும்" என்று கேட்பவரே உறைகாரர் ஆவார். புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம் ஆகிய கொம்யூன்களில் ஊருக்கு ஒருவராவது இவ்வினத்தவர் தென்படுவர். எனினும் மடுகரையில் காணப்படும் வகையே முழு வளர்ச்சி பெற்றது என்று துணிந்து கூறலாம். வயது ஐம்பதை ஒட்டியிருக்கும். மாதச் சம்பளம் தவறாமல் வரும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் யாருக்கும் பயன்படாமல் கிடக்கும். தாடி வைத்த அமெரிக்கர் ஒருவர் துப்பாக்கியுறை தைக்கும் காணொளி ஒன்று கைப்பேசியில் எப்போதோ வந்து சேர்ந்திருக்கும். இவை நான்கும் ஒருவரிடத்தில் கூடிவிட்டால் அவரை மீட்க மாரியம்மனாலும் ஆகாது.

தமிழில் உறை என்னும் சொல்லுக்குப் பொருள் பல. தலையணைக்குப் போடுவது உறை, கடிதத்தை இடுவது உறை, காய்ச்சி ஆறிய பாலில் ஊற்றுவது உறை, கீழடி அகழாய்வில் அடுக்கடுக்காகக் கிடைத்த கிணற்றுச் சுடுமண் வளையமும் உறையே. உறைகாரருக்கு இவற்றில் எதிலும் நாட்டமில்லை. கத்தி, அரிவாள் முதலியவற்றின் அலகை மூடும் தோலுறை ஒன்றே அவர் அறிந்த உறை. வேறு வகையில் அச்சொல் அவரிடம் செல்லுபடியாகாது, யார் என்ன சொன்னாலும் அவருக்கு உறைப்பதில்லை என்பதிலிருந்தே இது தெளிவு.

தோல் தேடிப் புறப்படுவது இவருக்கு ஆண்டுக்கு இருமுறை வரும் யாத்திரை. 1978இல் திலீப் கபூர் தொடங்கிய ஹைடிசைன் நிறுவனத்தால் புதுச்சேரித் தோற்பை உலகறிந்த சரக்காகிவிட்டது என்பது உண்மையே. ஆனால் அந்தக் கடையின் கண்ணாடிக்கு வெளியே நின்று பையின் தையலை அங்குலத்துக்கு இத்தனை என்று எண்ணிக்கொண்டு திரும்புவதோடு அவருடைய உள்ளூர் வணிகம் முடிந்துவிடும். கொள்முதல் என்றால் ஆம்பூர்தான். விழுப்புரம் சென்று இரயிலேறி, காட்பாடியில் மாறி, ஆம்பூரில் இறங்கினால், காலணித் தொழிற்சாலைகள் கழித்த வெட்டுத்துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். முழுத்தோல் சதுர அடிக் கணக்கில் விற்கப்படுவது. வெட்டுத்துண்டோ எடைக் கணக்கில் விற்கப்படுவது. மாட்டின் முதுகும் பிட்டமும் கெட்டியான தோலைத் தருவன என்பதால் அவற்றைக் காலணிக்கு வெட்டியெடுத்த பிறகு, வயிற்றுப் பகுதியின் தொளதொளப்பும், கழுத்தின் சுருக்கமும், உண்ணி கடித்த தழும்பும், சூடு போட்ட அடையாளமும் மூட்டைக்கு வந்து சேரும். அம்மூட்டை திரும்பும் வழியில் பேருந்தின் இருவர் இருக்கையில் ஒன்றைப் பிடித்துக்கொள்ள, நடத்துநர் அதற்கும் பயணச்சீட்டுக் கேட்க, "கழிவுக்கா சீட்டு" என்று உறைகாரர் வாதிடுவது வழக்கம். பாலாற்றங்கரைத் தோல்சாலைகளின் கழிவு குறித்து உச்ச நீதிமன்றம் 1996இல் வழங்கிய தீர்ப்பை அப்போது அவர் மேற்கோள் காட்டுவார். தாம் கழிவைக் குறைத்துப் பூமியைக் காப்பவர் என்பது அவர் கட்சி. ஆம்பூரில் கிடந்த கழிவு மடுகரைக்கு இடம் மாறியதைத் தவிர வேறெதுவும் நிகழவில்லை என்பது அவர் வீட்டுத் தாழ்வாரத்தைக் கண்டவர்களின் கட்சி.

இவ்விடத்தில் தோல் இருவகைப்படும் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆவாரம்பட்டை, வேலம்பட்டை, கடுக்காய் முதலியவற்றின் துவர்ச்சாற்றில் வாரக்கணக்கில் ஊறிப் பதமாவது பட்டைத்தோல். ஆவாரம்பட்டையில் பதனிட்டுக் கடுக்காயில் முடித்த தென்னாட்டுத் தோல் கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் கடல் கடந்தது. குரோமிய உப்பில் ஒரு நாளிலேயே பதமாகி, வெளியே வரும்போது நீலம் பாரித்திருப்பது குரோம் தோல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் இம்முறைக்கு வித்திட்டார், குரோம்பேட்டைக்குப் பெயரும் அவ்வழியில் வந்த ஆலையால்தான். பட்டைத்தோலை நனைத்து எதன்மேல் அழுத்தினாலும் அதன் வடிவத்தை ஏற்றுக் காய்ந்து விறைக்கும். ஆகவே உறைக்கு அதுவே உரியது. குரோம் தோல் மென்மையானது, நீருக்கு அஞ்சாதது, ஆயினும் என்ன அழுத்தினாலும் எதன் வடிவத்தையும் ஏற்காதது. காலணியின் மேற்பகுதிக்கு வருவது பெரும்பாலும் குரோம் தோல். அதாவது உறைகாரர் ஆறு மணி நேரம் பயணம் செய்து, உறைக்கு ஆகாத தோலை, உறைக்கு வேண்டிய கனத்தில் பாதியும் இல்லாத மெல்லிய துண்டுகளாக, எடைபோட்டு வாங்கி வருகிறார்.

இதை அவர் அறியாமல் இல்லை. மூட்டைக்குள் எங்கேனும் ஒரு துண்டு பட்டைத்தோல் அகப்படாதா என்னும் நம்பிக்கையே அவரை இயக்குகிறது. அதைக் கண்டறியச் சோதனைகளும் வைத்திருக்கிறார். துண்டைக் கொதிநீரில் இட்டால் பட்டைத்தோல் சுருண்டு கட்டையாகும், குரோம் தோல் பெரிதும் தாங்கி நிற்கும் என்பது நூல்களிலும் உள்ள சோதனையே. ஆனால் அது பால் காய்ச்சும் பாத்திரத்தில்தான் செய்யப்பட வேண்டும் என்று எந்த நூலிலும் இல்லை. அவ்வீட்டில் இப்போது பால் பாத்திரம் பீரோவில் பூட்டி வைக்கப்படுகிறது.

இரண்டாவது சோதனை கள் சோதனை. புளித்துக் காடியான கள்ளில் துருப்பிடித்த ஆணிகளை ஊறவைத்தால் இரும்பு கரைந்த நீர் கிடைக்கும்; அதைப் பட்டைத்தோலில் தடவினால் தோலிலுள்ள துவர்ப்பொருளோடு இரும்பு கூடிச் சில நொடிகளில் கன்னங்கரேல் என்று கறுக்கும். கலம்காரித் துணியின் கருங்கோடும் வெல்லநீரில் இரும்பை ஊறவைத்துப் பெறும் இதே வினையின் விளைவுதான். புதுச்சேரி ஆட்சிப்பரப்பில் கள்ளுக்கடை சட்டப்படி நடப்பதால் மூலப்பொருளுக்குக் குறைவில்லை. போத்தல் கள் வாங்கினால் ஆணிக்குப் பாதிதான் மிஞ்சுகிறது என்பது ஒரு குறை. ஆணிக்காகத்தான் கள் வாங்கப்படுகிறது என்பதை அவருடைய தாயார் இன்றுவரை நம்பவில்லை என்பது இன்னொன்று. அந்தக் கரைசலைக் குரோம் தோலில் தடவினால் நிறம் மாறுவதில்லை. நாற்றம் மட்டும் மாசி மகம் தாண்டியும் நிற்கிறது.

இத்தனைக்குப் பிறகும் உறைகள் உருவாகின்றன என்பதே வியப்பு. மூன்று மெல்லிய துண்டுகளைச் செருப்புக் கடைச் சொல்யூஷனால் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி ஒரு கனமான துண்டாக்கிக்கொள்வார். பிறகு பொருள் தேடுவார். வீட்டிலிருந்த கத்திகள் முதல் ஆண்டிலேயே தீர்ந்துபோயின. அடுத்து அரிவாள்மணை வந்தது; அலகு நிமிர்ந்து நிற்கும் அதற்கு நாகம் படமெடுத்தாற்போல ஓர் உறை தைக்கப்பட்டது, காய் நறுக்குமுன் அதைக் கழற்றுவதற்குள் உலையில் அரிசி குழைந்துவிடும். அடுத்து பாக்குவெட்டி, மூக்குக் கண்ணாடி, டார்ச் லைட்டு, மின்பணியாளரின் டெஸ்டர். கொத்தனாரின் தூக்குக்குண்டுக்குக் கண்ணீர்த்துளி வடிவில் ஓர் உறை தைத்துக் கொடுக்கப்பட்டது. உறையோடு தொங்கவிட்டதில் சுவர் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது விசாரணையில் உள்ளது. பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் ஒப்பினெல் மடக்குக்கத்தி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். 1890 முதல் சவோய் மலைநாட்டில் செய்யப்பட்டுவரும் அக்கத்தியின் சிறப்பே அலகு மடங்கிப் பிடிக்குள் போய்விடும், பிடியே அதற்கு உறை என்பதுதான். அந்த உறைக்கும் ஓர் உறை தைக்கப்பட்டது.

சொந்தப் பொருள்கள் தீர்ந்த நிலையில் உறைகாரர் ஊரார் பொருள்களை நோக்கித் திரும்புவது இயல்பு. இவ்வினத்தவரின் தலையாய பண்பு இதுவே. மற்றவை இதற்குத் துணை. இரவல் கேட்பதில்லை, எடுத்துச் சென்றுவிடுவார். "அளவுக்குத்தான், சாயந்திரம் குடுத்துடறேன்" என்பது வாய்பாடு. அவர் குறிப்பிடும் சாயந்திரம் எந்த மாதத்தது என்பதைப் பஞ்சாங்கத்தில் காண இயலாது. தை அறுப்புக்கு முதல் நாள் பக்கத்து வீட்டுப் பன்னரிவாள், அதாவது நெல்லறுக்கும் பல்வைத்த வளைந்த அரிவாள், இவ்வாறு எடுத்துச் செல்லப்பட்டது. பிறைபோல் வளைந்த அலகு நேர்க்கத்தியைப் போல இழுத்தவுடன் உறையை விட்டு வராது. முதுகுப்புறம் திறப்பு விட்டு மூடிபோட்டுப் பொத்தான் வைக்க வேண்டும். உறைகாரர் அரிவாளை உள்ளே வைத்தே சுற்றிலும் தைத்தார், தையல் முடிந்த பிறகுதான் இந்த வடிவியல் அவருக்குப் புலப்பட்டது. உறையைக் கிழிக்கக் கத்தி தேவைப்பட்டது, வீட்டிலிருந்த கத்திகளெல்லாம் உறைக்குள் சிக்கியிருந்தன. அறுப்பு இரண்டு நாள் தள்ளிப்போனது. அரிவாளுக்கு உரியவர் அதைப் பற்றி இன்றும் பேசுகிறார், உறைகாரரிடம் மட்டும் பேசுவதில்லை.

திரும்பி வரும் பொருள்களின் நிலையும் கருதத்தக்கது. ஈரத்தோலில் பொருளை வைத்து அழுத்தி உலரவிடுவதற்கு முன் அலகைப் பிளாஸ்டிக் தாளால் சுற்ற வேண்டும் என்பது பாலபாடம். அது மறக்கப்படுவதால் அலகில் துரு ஏறிவிடும். இரு தோல்களுக்கும் நடுவே, தையல் ஓடும் விளிம்பில், ஒரு வாரைக் கொடுத்துத் தைத்தால் அலகின் கூர் நூலை அறுக்காது. வார் போடப்படாததால் மூன்றாம் நாள் உறை வாய்பிளக்கும். துருவேறிய அலகைக் காட்டி இதுவே பழமைச் சாயல் என்றும், பிளந்த உறையைக் காட்டி இதுவே காற்றோட்டம் என்றும் உறைகாரர் விளக்குவார்.

துப்பாக்கியுறை அவருடைய நெடுநாள் கனவு. மடுகரையில் துப்பாக்கி இல்லை. வட்டாரத்தில் இடுப்பில் தோலுறை கட்டியவர்களாகக் காணக் கிடைப்பவர்கள் காவல் துறை அதிகாரிகள் மட்டுமே. சிவப்புத் தொப்பி அணிந்த கான்ஸ்டபிளுக்கு அதுவும் கிடையாது. ஆகவே பேரன் தீபாவளிக்கு வெடித்த பொட்டுத் துப்பாக்கியை அச்சாக வைத்து ஓர் உறை தைக்கப்பட்டு, அதில் கைப்பேசி செருகப்பட்டு, உறைகாரரின் வேட்டி இடுப்பில் பச்சைப் பெல்ட்டோடு தொங்குகிறது. அழைப்பு வந்தால் அவர் அதை உருவும் வேகத்தைப் பேருந்து நிறுத்தத்தில் சிலர் காத்திருந்து பார்க்கின்றனர். பெரும்பாலும் அதற்குள் அழைப்பு நின்றுவிடும்.

உண்மையில் உறை என்னும் கருவி இம்மண்ணுக்குப் புதிதன்று. மரமேறிகள் பாளை சீவும் அரிவாளைப் பனைப்பொருளால் ஆன பெட்டியில் இட்டு இடுப்பில் கட்டிக்கொண்டே ஏறி இறங்குவர். அதற்கு மாற்றாகத் தோலுறை தைத்துத் தருவதாக உறைகாரர் மரமேறி ஒருவரிடம் சொன்னபோது, கள் பட்டால் தோல் ஊறிப்போகும், பனை ஊறாது என்று அவர் பதில் சொல்லிவிட்டு ஏறிவிட்டார். அந்த ஒரு வரியில் இருந்த பொருளறிவு ஓராண்டுக் காணொளிகளில் இல்லை.

இங்கே நகையைச் சற்று ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கிறது. கடைவீதியில் கிழிந்த குடைக்கடியில் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர் நாற்பது ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறார். உறைகாரரின் மூட்டையிலிருந்து ஒரு துண்டை எடுத்து, வெட்டுவாயைத் திருப்பிப் பார்த்து, நடுவில் ஓடும் நீலச்சாம்பல் கோட்டைக் காட்டி, "சார், இது குரோம் தோலு, எத்தினி நாளு தண்ணியில போட்டாலும் படியாது" என்று அவர் முதல் ஆண்டிலேயே சொன்னார். பால் பாத்திரமும் வேண்டியிருக்கவில்லை, கள்ளும் வேண்டியிருக்கவில்லை. வாய்பிளந்த உறைகள் இருட்டிய பிறகு பையில் போட்டு அவரிடம்தான் கொண்டுசெல்லப்படுகின்றன. அவர் குத்தூசியால் துளையிட்டு, தேன்மெழுகு பூசிய ஒரே நூலை இருமுனையிலும் ஊசி கோத்து எதிரெதிராகச் செலுத்தித் தைக்கிறார். சேணத் தையல் எனப்படும் அதில் ஒரு கண்ணி அறுந்தாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும். மறுநாள் அந்தத் தையல் உறைகாரரின் தையலாக ஊருக்குக் காட்டப்படுகிறது. தையலுக்குத் துளையிடும் இறக்குமதி முள்கருவிக்கு ஆயிரக்கணக்கில் பணம் அனுப்பியவர், தம்மைவிடப் பதினைந்து வயது மூத்த அந்த மனிதரை "ஏம்பா" என்று அழைத்து இருபது ரூபாய்க் கூலியில் ஐந்தைக் குறைக்கிறார். தோலைத் தொட்டார்கள் என்பதற்காகவே சிலரைத் தலைமுறைகளாக எட்ட நிறுத்திய ஊர், அதே தோலைத் தொட்டதற்காக இவரைக் கலைஞர் என்கிறது. பள்ளி ஆண்டுவிழாவில் சால்வையும் போர்த்தியது. குடைக்கடியில் இருப்பவருக்கு அழைப்பிதழ்கூடப் போகவில்லை. இது வேடிக்கை இல்லை, அநியாயம்.

ஆயினும் உறைகாரரை அறவே வெறுத்துவிடவும் முடிவதில்லை. தோல் வீட்டுக்குள் வரக்கூடாது என்று தாயார் விதித்த தடையால் அவருடைய பட்டறை மாட்டுக் கொட்டகையில் நடக்கிறது. மாட்டின் கண்ணெதிரே மாட்டுத்தோலைப் பரப்பக் கூசி, துண்டுகளை எடுக்குமுன் அதன் முகத்தை மறுபக்கம் திருப்பிக் கட்டிவிட்டு, தவிட்டைச் சற்றுக் கூடுதலாகக் கரைத்து வைக்கிறார். அந்த மாட்டின் கழுத்தில் மணி கட்டிய வார் ஒன்று உண்டு. நான்கு ஆண்டுகளாக அவர் தைத்தவற்றில் இன்னும் அறாமல் இருப்பது அது ஒன்றே. அதை அவரே தைத்தார் என்பதற்குத் தாயார் சாட்சி.

இவ்வினத்தைப் பற்றிய ஆய்வு முழுமை பெறாமைக்கு ஒரு காரணம் உண்டு. தேங்காய் வெட்டும் கொடுவாள் ஒன்று, புளியமரப் பிடியும் பித்தளைப் பூணும் உடையது, சென்ற ஐப்பசியில் அளவுக்கென்று எடுத்துச் செல்லப்பட்டது. இது எழுதப்படும் நாள்வரை தேங்காய்கள் திண்ணையில் உடைக்கப்பட்டு வருகின்றன. உறை காய்ந்துகொண்டிருக்கிறது என்பது கடைசியாகக் கிடைத்த தகவல்.