மூன்றாம் நம்பர் கறுப்பு

எங்கள் குடும்பத்தில் ஐம்பதைத் தாண்டிய யாருக்கும் நரை கிடையாது. பரம்பரை வாகு என்று தெரியாதவர்கள் வியப்பார்கள். அந்தப் பரம்பரை மளிகைக் கடையில் சரம் சரமாகத் தொங்குகிறது. வேண்டிய அளவு கத்தரித்துத் தருவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிழிந்த பனியனோடு கொல்லைப்பக்கம் உட்கார்ந்து, பழைய டூத் பிரஷ்ஷால் காரியத்தை முடித்துவிட்டு வருபவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் தலைக்குக் கறுப்பு அடிப்பது அலங்காரத்தில் சேராது, சுகாதாரத்தில் சேரும்.

அப்படிப்பட்ட வீட்டில் நான் ஹைலைட்ஸ் போட்டுக்கொண்டேன். கற்றை கற்றையாகப் பிரித்து, ப்ளீச் தடவி, சில்வர் பேப்பரில் மடித்து, தேன் நிறம் என்று சொல்லி அனுப்பினார்கள். வெயிலும் போர்த் தண்ணீரும் சேர்ந்து தேனை மஞ்சளாக்கின. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும் என்பதால் வகிட்டில் கறுப்பும் கீழே மஞ்சளுமாக ஒரு எல்லைக்கோடு இறங்கிக்கொண்டே வந்தது. "தலையில சாயம் பூசுறதெல்லாம் நம்ம வழக்கமாம்மா?" என்று சித்தப்பா வருத்தப்பட்டார். வருத்தப்படும்போது அவருடைய மீசைக்குக் கீழே, மேலுதட்டில், அழியாத கறுப்புக் கறை ஒன்று இருந்தது.

அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், பழைய நிறத்துக்கே திரும்பிவிடலாம் என்று பார்லருக்குப் போனேன். கறுப்பை எடுக்கத்தான் பாடுபட வேண்டும், திரும்பக் கொண்டுவர ஒரு பாக்கெட் போதும் என்பது ஊரறிந்த விஷயம். பார்லர் பெண்ணுக்கு மட்டும் அது தெரிந்திருக்கவில்லை.

"நேரா கறுப்பு போட முடியாது மேடம். முதல்ல சிவப்பு போடணும்."

"கல்யாணத்துக்குப் போகணும்மா. சிவப்பா எப்படிப் போறது?"

அவள் பொறுமையாக விளக்கினாள். நம் முடியின் கறுப்புக்கு அடியில் சிவப்பும் ஆரஞ்சும் மஞ்சளும் ஒளிந்திருக்கின்றன. ப்ளீச் முதலில் மேலே தெரியும் கறுப்பை எடுக்கும், பிறகு சிவப்பை, பிறகு ஆரஞ்சை. கடைசியில் மஞ்சள்தான் மிஞ்சும். அந்த மஞ்சளின் மேல், நீலச்சாயல் கொண்ட அடர்பழுப்பை நேராகப் பூசினால் கிடைப்பது பாசிப் பச்சை. அதனால், எடுத்த சிவப்பை முதலில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதன் மேல்தான் கறுப்பை ஏற்ற வேண்டும். பெயின்டர் சுவருக்கு பிரைமர் அடிக்கிற கதைதான். இதற்கு ஃபில்லர் என்று பெயர். அதோடு, ப்ளீச் பட்ட முடி சாயத்தைச் சட்டென்று உறிஞ்சிக்கொண்டு, நாலு தரம் தலைக்குக் குளித்தால் அதே வேகத்தில் வெளியே விட்டுவிடுமாம்.

இதை அத்தையிடம் சொன்னேன். "இதைச் சொல்றதுக்கா அம்புட்டு ரூவா கேக்குறா? முதல்ல மருதாணி வைக்கணும், அலசிட்டு அவுரி வைக்கணும். வெறும் அவுரியை வெளுத்த முடியில வச்சா நீலம் பாஞ்சு போகும்னு எங்க ஆச்சியே சொல்லுவா" என்றாள். முதலில் சிவப்பு, அப்புறம் கருநீலம். பார்லர் பெண் கோர்ஸ் படித்துத் தெரிந்துகொண்டதை ஆச்சி அம்மிக்கல்லில் அரைத்து வைத்திருந்தாள்.

மருதாணி என்ற சொல் காதில் விழுந்ததும் பார்லர் பெண் பதறினாள். சில பாக்கெட் மருதாணிப் பொடிகளில் உலோக உப்பு கலந்திருக்கும். அது ஏறிய முடியில் பெராக்சைடு பட்டால் முடி சூடாகிப் பொசுங்கிவிடும் என்றாள். "நான் இலையைப் பறிச்சு அரைக்கிறவ. என்னைப் போயி பாக்கெட்டுங்குறாளே" என்று அத்தை அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

அடுத்தது பரிசோதனை. கறுப்புச் சாயங்களில் பெரும்பாலும் இருக்கிற பாரா-பினைலீன்டைஅமீன் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை தரும். அதனால் காதுக்குப் பின்னால் துளி தடவி 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். சித்தப்பாவின் பாக்கெட்டிலும் இதே விதி பொடி எழுத்தில் அச்சாகியிருக்கிறது. அதைப் படிக்கத் தேவையான கண்ணாடியை, சாயம் காய்ந்து முடியும்வரை அவர் போடமாட்டார்.

பிறகு ஷேட் கார்டு வந்தது. 1 என்றால் கறுப்பு, 10 என்றால் வெளிர்மஞ்சள். நான் உரிமையோடு 1-இல் விரலை வைத்தேன். அவள் என் விரலைப் பிடித்து 3-க்கு நகர்த்தினாள். "உங்க சொந்த முடியே 1 இல்ல மேடம். வெயில்ல பாருங்க." ஜன்னலோரம் போய்ப் பார்த்தேன். வகிட்டில் முளைத்திருந்த கலப்படமற்ற பிறவிக் கறுப்பு, அடர்பழுப்பாக மின்னியது. ப்ளீச் பட்ட முடியில் 1 போட்டால் இன்னும் கறுத்து விக் வைத்த மாதிரி தெரியும், பிடிக்கவில்லை என்றால் எடுக்க மறுபடி ப்ளீச்தான் என்றாள். பெண் பார்க்க வந்தவர்கள் கருங்கூந்தல் என்று ஒப்புக்கொண்டுவிட்டுப் போனது 3-ஆம் நம்பரைத்தான்.

ஃபில்லர் ஏறியதும் முழுச் செம்பட்டையாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஹைலைட்ஸ் போட வந்த கல்லூரிப் பெண், "இது என்ன ஷேட் ஆன்ட்டி? செமயா இருக்கு!" என்றாள். சின்ன வயதில் எனக்குச் செம்பட்டை வந்துவிடக் கூடாதென்று அம்மா ஊற்றிய எண்ணெயைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதற்குள் பில் வந்துவிட்டது. கறுப்பாகப் பிறந்த முடியைக் கறுப்பாக்கிய செலவு, மஞ்சளாக்கியதைவிட அதிகம்.

கல்யாண மண்டபத்தில் இரண்டு விதமாக வரவேற்றார்கள். பாதிப் பேர், "இப்பதான் லட்சணமா இருக்கே! இயற்கைக்கு ஈடு உண்டா?" மீதிப் பேர் குரலைத் தாழ்த்தி, "நரைச்சிருச்சாம்மா? அதான் டை அடிச்சிட்டியா?" முடி மஞ்சளாக இருந்த காலத்தில் என் வயதைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

கை கழுவும் இடத்தில் சித்தப்பா அருகில் வந்து, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் கேட்டார்: "ஏம்மா, உன் கறுப்பு நல்லா இயல்பா இருக்கே. என்ன நம்பரு?"

"மூணு சித்தப்பா."

"மூணா? நான் ஒண்ணுல்ல..." என்று ஆரம்பித்தவர், மாப்பிள்ளையின் அப்பா கை கழுவ வருவதைப் பார்த்துவிட்டார். "...ஒண்ணாம் பந்தியிலேயே சாப்பிட்டுட்டேன். நீ மூணாம் பந்தி வரைக்குமா பசியோட இருந்தே?"