‘ட்ரிம்’: ஒரு தலையாய ஆய்வு

ஆங்கிலத்தில் ‘ட்ரிம்’ என்றால் கத்தரிப்பது என்றுதான் உலகம் நம்புகிறது. அந்த நம்பிக்கை எவ்வளவு பிற்காலத்தது என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். இதனால் நாட்டுக்கு என்ன பயன் என்று யாரும் கேட்க வேண்டாம்.

பழைய ஆங்கிலத்தில் ‘ட்ரும்’ என்றால் வலிய, உறுதியான. அதன் வழிவந்த ‘ட்ரிமியன்’ என்ற வினைக்கு வலுப்படுத்து, அணிவகு என்று பொருள். கி.பி. 991இல் எசெக்ஸ் கரையில் வைக்கிங்குகளோடு நடந்த மால்டன் போரைப் பாடும் பழம்பாட்டில், தளபதி பிர்ட்னோத் தம் வீரர்களை நிறுத்துமிடத்தில் இந்தச் சொல் வருகிறது. இடத்தை விடாதே, கேடயத்தை இறுகப் பிடி, அஞ்சாதே என்று குதிரைமேல் இருந்தபடி சொல்லிக்கொண்டே போகிறார். அங்கே ஒரு மயிரும் வெட்டப்படவில்லை.

வெட்டு பிறகு விழுந்தது. பிர்ட்னோத் போரில் மாண்டார். தலையைப் பகைவர் கொண்டுபோய்விட்டதால் மெழுகு உருண்டை ஒன்றை வைத்து அடக்கம் செய்தார்கள் என்கிறது ஈலி மடத்து வரலாறு. 1769இல் எலும்புகள் வெளிப்பட்டபோதும் தலையைக் காணோம். ‘ட்ரிம்’ வெட்டைக் குறித்ததற்கு முதல் சான்று இதுவே என்று வாதிடுவேன். சொல்லியல் அறிஞர்கள் ஒப்பமாட்டார்கள். அவர்கள் எதைத்தான் ஒப்பினார்கள்?

அடுத்த சில நூற்றாண்டுகள் சொல் ஏறக்குறைய தலைமறைவு. 16ஆம் நூற்றாண்டில் திரும்பி வந்தபோது கைநிறைய வேலைகளோடு வந்தது. மாலுமி பாயைச் சரிசெய்வது ட்ரிம். தையற்காரர் ஆடை ஓரத்தில் சரிகை சேர்ப்பது ட்ரிம். விளக்குத் திரியின் கருகலைக் கிள்ளுவதும் நாவிதர் தாடியைக் குறைப்பதும் ட்ரிம். கூட்டினாலும் அதே சொல், கழித்தாலும் அதே சொல். கணக்குப்பிள்ளை எவரும் இதைச் சகிக்கமாட்டார். இன்றும் கிறிஸ்துமஸ் மரத்தை ட்ரிம் செய்தால் பொம்மைகள் ஏறும். வேலிச்செடியை ட்ரிம் செய்தால் இலைகள் விழும்.

அரசியலும் இதை விட்டுவைக்கவில்லை. இங்கிலாந்து அரசியலின் விக், டோரி என்ற இரு தரப்புக்கும் நடுவே நின்றவர்களை ‘ட்ரிம்மர்’ என்று ஏசினார்கள். ஹாலிஃபாக்ஸ் பிரபு ஜார்ஜ் சேவில் 1688இல் அச்சான தம் நூலில், படகு ஒரு பக்கம் சாயாமல் பார்த்துக்கொள்பவனே ட்ரிம்மர் என்று சொல்லி, வசவைப் பட்டமாக்கிக்கொண்டார்.

நம்மூர்ச் சலூனில் “லேசா ட்ரிம் பண்ணுங்கண்ணே” என்பவர் பேசுவது 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலம். உச்சியில் பத்திருபது முடி மட்டுமே மிஞ்சியவர் அதையே சொன்னால், பழைய ஆங்கிலப் பொருளில் கேட்கிறார் என்று கொள்ள வேண்டும்.