பண்பலையில் கூறியது கூறல்: தனியார் வானொலிகளின் பாடல் மறுவரவு குறித்த ஓர் ஆய்வு

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று தொல்காப்பியரும் நன்னூலாரும் பட்டியல் போட்டார்கள். குன்றக் கூறல், மிகைபடக் கூறல் வரிசையில் ‘கூறியது கூறல்’ என்பதும் ஒன்று. இருவரும் சென்னையின் தனியார் பண்பலைகளைக் கேட்கும் பேறு பெற்றவர்கள் அல்லர். பெற்றிருந்தால் மற்ற ஒன்பதையும் விட்டுவிட்டு இந்த ஒன்றையே பத்து முறை எழுதிப் பட்டியலை நிரப்பியிருப்பார்கள்.

இதைவிட நுட்பமான சான்று சொல்லதிகாரத்தில் கிடைக்கிறது. ஒரு சொல்லை அடுக்கிச் சொல்லும்போது, இசை நிறைப்பதற்கு என்றால் நான்கு முறை, விரைவுக்கு என்றால் மூன்று முறை என்று தொல்காப்பியர் வரம்பு கட்டுகிறார். ‘பாம்பு’ என்று மூன்று முறை கத்தியபின் நான்காவதாகக் கத்த நிற்காமல் ஓடிவிட வேண்டும் என்பது இதன் உட்கிடை. பண்பலைகள் இசை நிறைப்பவை. எனவே அவற்றுக்கு நான்கு வரை அனுமதி உண்டு. காலையில் ஒன்று, உச்சிக்கு ஒன்று, மாலையில் ஒன்று, படுக்கப் போகுமுன் ஒன்று. ஐந்தாவது முறை வரும் புதுப்படப் பாட்டு வழுவின்பாற்படும். பெரிய நடிகரின் படம் வெளியாகும் வாரத்தில் இவ்வழு அமைதி எனக் கொள்ளப்படும் போலும்.

உரையாசிரியர்கள் இரக்கமுள்ளவர்கள். கூறியதையே கூறினாலும் அதனால் வேறொரு பயன் விளையுமானால் குற்றமில்லை என்று ஒரு கதவைத் திறந்தே வைத்தார்கள். பண்பலையில் விளையும் பயன் என்ன, அது யாருக்கு விளைகிறது என்பதே இவ்வாய்வின் பொருள்.

மறுவரவின் தோற்றம்

இவ்வழக்கத்துக்கு ஒரு தலபுராணம் உண்டு. தலம்: அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா. காலம்: 1950களின் தொடக்கம். அவ்வூரில் கே.ஓ.டபிள்யூ.ஹெச். என்ற வானொலியை நடத்திய டாட் ஸ்டோர்ஸ் ஓர் உணவுக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸில் வாடிக்கையாளர்கள் பகல் முழுவதும் அதே சில பாட்டுகளைத்தான் போடுகிறார்கள். கடை மூடும் நேரம். பரிமாறும் பெண் தன் டிப்ஸ் காசிலிருந்து ஒன்றை எடுத்துப் பெட்டியில் போடுகிறாள். நாள் முழுக்கக் கேட்டு ஓய்ந்த காது இப்போதாவது வேறு ஒன்றைக் கேட்கும் என்று ஸ்டோர்ஸ் எதிர்பார்க்க, அவளோ நாள் முழுக்க ஓடிய அதே பாட்டை மறுபடி போடுகிறாள். அங்கே பிறந்ததாம் ‘டாப் 40’ என்னும் முறை. கதை எவ்வளவு உண்மை என்பதில் வானொலி வரலாற்றாசிரியர்களுக்குள் வழக்கு உண்டு. தலபுராணத்தில் தேதி கேட்கக்கூடாது.

ஆனால் இக்கதையில் எல்லோரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஓர் இடம் இருக்கிறது. அந்தப் பெண் தன் காசைப் போட்டாள். மறுவரவை அவளே கேட்டு வாங்கினாள். நம் மரபிலும் இதற்கு இணை உண்டு. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி.கேஸ்கர், ஆகாசவாணியில் சினிமாப் பாட்டு கூடாது என்று நினைத்தார். நேயர்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். இந்திக்காரர்களுக்கு அங்கே அறிவிப்பாளர் அமீன் சயானி. தமிழர்களுக்கு மயில்வாகனன், பிறகு கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது. அந்தக் கால நேயர் விருப்பத்திலும் ஒரே பாட்டு திரும்பத் திரும்ப வரும். வந்தாலும் ஒவ்வொரு வருகைக்கும் ஜாமீன் கொடுக்க ஆள் இருந்தது. இன்னின்ன ஊரிலிருந்து இன்னின்னார், அவர் மனைவி, பிள்ளைகள், பக்கத்து வீட்டார் என்று தபாலட்டையில் வந்த பெயர்களை வாசித்து முடிக்கவே பாட்டின் நீளம் ஆகிவிடும். எரிச்சல் வந்தால் யார்மேல் எரிச்சல் படுவது என்பதில் குழப்பமில்லை.

இன்று ஜாமீன்தாரர் யார்? ஆர்.ஜே. என்பது பொதுமக்களின் நம்பிக்கை. “உங்களுக்காக இந்தப் பாட்டைத் தேடிப்பிடிச்சு வெச்சிருக்கேன்” என்று அவர் குழைகிறார். ஆனால் பாட்டை அவர் பெரும்பாலும் தேடுவதுமில்லை, பிடிப்பதுமில்லை. அன்றைய வரிசை முந்திய நாளே கணினியில் தயாராகிவிடுகிறது. 1970களின் இறுதியில் அமெரிக்காவில் வந்த ‘செலக்டர்’ என்ற மென்பொருளும் அதன் வழித்தோன்றல்களும் உலகெங்கும் இவ்வேலையைச் செய்கின்றன. பாட்டுகளை வகை பிரித்து ஊட்ட வேண்டும்: சூடான புதுசு, கொஞ்சம் ஆறிய புதுசு, பத்து வருஷப் பழசு, என்றைக்கும் விலைபோகும் பழசு. முதல் வகையில் விரல்விட்டு எண்ணத்தக்க பாட்டுகள்; அதனால் சக்கரம் வேகமாகச் சுற்றும். ஒரே பாடகர் அடுத்தடுத்து வரக்கூடாது, இரண்டு மந்தமான பாட்டு சேர்ந்து வரக்கூடாது, நேற்று எட்டரைக்கு வந்த பாட்டு இன்றும் எட்டரைக்கு வரக்கூடாது என்று விதிகளும் உண்டு. கடைசி விதி கருணையால் வந்ததன்று. தினமும் எட்டரைக்கு வண்டி எடுக்கும் ஆளிடம் குட்டு வெளிப்படக்கூடாது என்ற முன்னெச்சரிக்கை அது.

கள ஆய்வு: மேற்கு மாம்பலத்துத் தையற்கடை

இவ்விதிகளை எல்லாம் ஒருங்கே சோதித்துப் பார்க்கத் தகுந்த இடம் தையற்கடை. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் போட்ட ஸ்டேஷன் இரவு இறக்கும்வரை மாறாது. மாற்ற வேண்டுமானால் மெஷினை நிறுத்திவிட்டு எழ வேண்டும். பிளவுஸுகள் மலையாகக் குவிந்து கிடக்கும் தீபாவளி நெருக்கத்தில் எந்த மாஸ்டரும் பாட்டுக்காக எழுந்ததாக இலக்கியச் சான்று இல்லை. காஜா எடுக்கும் பையனுக்கு எழும் உரிமை உண்டு. ஸ்டேஷனை மாற்றும் உரிமை இல்லை.

அங்கே உட்கார்ந்து கேட்டால் சக்கரத்தின் ஆரக்கால்கள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்குகின்றன. லைனிங் வெட்டும்போது கேட்ட பாட்டு, கை மூட்டும்போது வருகிறது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது வருகிறது. ஹூக் வைக்கும்போதும் வருகிறது. துணைக் களங்களான சலூன், பரோட்டாக் கடை, ஷேர் ஆட்டோ ஆகியவற்றிலும் இதே நிலை. ஷேர் ஆட்டோவில் ஒரு தனிச்சிறப்பு: ஏறி இறங்கும் ஒவ்வொருவரும் பாட்டை ஒரு தடவைதான் கேட்கிறார்கள், ஓட்டுநர் ஒருவரே எல்லோருடைய பங்கையும் சேர்த்துக் கேட்கிறார்.

இதிலிருந்து இவ்வாய்வின் தலைமைக் கருதுகோள் பெறப்படும்: தனியார் பண்பலை, கேட்டுவிட்டுப் போகிறவர்களுக்காகக் கட்டப்பட்டது, போகாமல் இருப்பவர்கள் அதன் கணக்கில் இல்லை.

கணக்கு என்பதை இங்கே நேர்ப்பொருளிலேயே கொள்க. நேயர் அளவீட்டில் முன்னோடியான அமெரிக்காவில் நெடுங்காலமாகக் கால்மணி நேரம்தான் அலகு. அந்தக் கால்மணியில் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டால் முழுக் கால்மணியும் வரவாகி வந்தது. நிலையத்தின் கவலையெல்லாம், இப்போது காரில் ஏறிப் பொத்தானை அழுத்துகிறவர் அந்த ஐந்து நிமிடத்துக்குள் தெரிந்த பாட்டைக் கேட்டாரா என்பதில்தான். கேட்டால் தங்குவார். தெரியாத பாட்டு வந்தால் அடுத்த எண்ணுக்குத் தாவிவிடுவார். ஆகவே எந்த நிமிடத்தில் யார் நுழைந்தாலும் அவருக்குத் தெரிந்த பாட்டு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். தெரிந்த பாட்டுகளோ சில நூறுதான். ஒவ்வொரு கால்மணியும் புதிதாக வந்த விருந்தாளிக்காகச் சமைத்த பந்தி. முதல் பந்தியிலிருந்தே இலையை விட்டு எழாத தையற்காரர் அதே கூட்டை எத்தனை முறை உண்பார் என்று யாரும் நினைப்பதில்லை.

ஆக, மிகுந்த விசுவாசத்தோடு கேட்பவர்தான் மிகுந்த தண்டனை பெறுகிறார். எட்டு மணி நேரம் ஒரு நிலையத்தைக் கேட்பவருக்கு அந்நிலையம் எதுவும் செய்வதில்லை. எட்டு நிமிடம் கேட்பவருக்கு எல்லாவற்றையும் செய்கிறது. சந்தை என்னும் சமயத்தில் பக்தி இவ்வாறே பலன் தரும் என்று தெரிகிறது.

பிற நிலையத்துக்குப் போகலாமே என்பார்க்கு மறுப்பு

போகலாம். அங்கேயும் அதே பாட்டு. இதையும் ஆட்டுமந்தைப் புத்தி என்று தள்ளிவிடுவது ஆய்வு நெறியன்று. பீட்டர் ஸ்டெய்னர் என்ற பொருளியலாளர் 1952இலேயே வானொலிகளை வைத்து இதை விளக்கிவிட்டார். அவருடைய வாதத்தை உள்ளூர்ச் சரக்கில் சொன்னால்: பத்து நேயரில் எட்டுப் பேருக்குக் குத்துப்பாட்டு வேண்டும், இரண்டு பேருக்கு பி.பி.ஸ்ரீனிவாஸ் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று நிலையங்கள். மூன்றும் குத்துப்பாட்டே போட்டால் எட்டை மூன்றாகப் பங்கிட்டாலும் தலைக்கு இரண்டரைக்கு மேல் தேறும். ஸ்ரீனிவாஸிடம் போனால் கிடைப்பது வெறும் இரண்டு. எனவே புத்திசாலிகளான மூவரும் ஒரே பாட்டைப் போடுவார்கள். நான்காவது நிலையம் வந்தால்தான் இரண்டும் இரண்டும் சமமாகி, அந்த முதலாளிக்குப் பூவா தலையா போட்டுப் பார்க்கும் அவகாசம் கிடைக்கும். சென்னையில் நான்குக்கு மேலேயே நிலையங்கள் உண்டு. இருந்தும் ஸ்ரீனிவாஸ் பொழுதுக்கும் ஒலிப்பதாகத் தெரியவில்லை. நமக்கு நேயர் கணக்குப் பத்துக்கு எட்டுக்கும் மேலே போலும்.

சட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. காற்றலை பொதுச்சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2001 ஜூலையில் பெங்களூரில் முதல் தனியார் பண்பலை பேசத் தொடங்கியது. சென்னைக்கு 2003இல் வந்தது. ஆனால் தனியார் நிலையம் தானாகச் செய்தி தயாரித்து வாசிக்கக் கூடாது. 2011 கொள்கையில் ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் அஞ்சல் செய்யலாம் என்றார்கள். போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு, குடிநீர், மின்தடை முதலியவற்றைச் சொல்லலாம் என்றும் இளகினார்கள். அதாவது அண்ணாசாலையில் வண்டிகள் நிற்கின்றன என்று ஆர்.ஜே. சொல்லலாம். எந்த ஊர்வலத்தால் நிற்கின்றன என்று விரிக்கப் போனால் தயங்க வேண்டும். விரிக்க முடியாத இடத்தில் எல்லாம் ஒரு பாட்டு செருகப்படுகிறது.

பழைய பாட்டுக்குச் செலவு கூடுமோ என்ற ஐயம் எழலாம். 2010 ஆகஸ்டில் பதிப்புரிமை வாரியம், பாட்டுக்கான உரிமைத்தொகை நிகர விளம்பர வருவாயில் 2 விழுக்காடு என்று தீர்ப்பளித்தது. 2020 வரை நடப்பில் இருந்த அந்தக் கணக்கில் ஒரு பாட்டை ஐம்பது முறை போட்டாலும் ஐம்பது பாட்டை ஒருமுறை போட்டாலும் விழுக்காடு ஏறவில்லை. 1931இல் ‘காளிதாஸ்’ வாய்திறந்த நாளிலிருந்து சேர்ந்த சரக்கு முழுவதும் காத்துக் கிடக்கிறது. இளையராஜா ஒருவர் மட்டுமே ஆயிரம் படங்களுக்கு இசையமைத்தவர் என்று போற்றப்படுகிறார். இரவு பத்து மணிக்கு மேல் நகரத்தின் எல்லா நிலையங்களும் அவரிடம் தஞ்சம் புகுகின்றன. புகுந்தும், ஆயிரம் படத்திலிருந்து அதே சில டஜன் மெலடிகளைத்தான் எடுத்து வருகின்றன. சமுத்திரத்துக்குப் போய்க் கமண்டலத்தில் மொண்டு வந்த கதை.

விதிவிலக்குகள்

மறுவரவு எல்லாமே குற்றமா என்றால், அன்று. சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம் பல வீடுகளில் தினமும் ஒலிக்கிறது. எம்.எஸ்.சுப்புலட்சுமி பாடிய வெங்கடேச சுப்ரபாதம் 1963இல் இசைத்தட்டாக வந்தது முதல் டீக்கடை, கோயில், கல்யாண மண்டபம் எங்கும் விடியலில் அதுவேதான். நிகழ்ச்சித் தயாரிப்பில் தரம் போதவில்லை என்று எந்தப் பெருமாளும் குறைபட்டதில்லை. காரணம் எளிது: அதற்கு ஒரு வேளை உண்டு. சுப்ரபாதம் மதியம் மூன்றரைக்கு வருவதில்லை. பண்பலைப் பாட்டுக்கு வேளை கிடையாது. வேளை அமையக்கூடாது என்பதே மென்பொருளின் விதி என்று மேலே கண்டோம்.

திரும்பத் திரும்பப் பார்த்தாலே பிடித்துப்போகும் என்று உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968இல் சோதனை செய்து காட்டினார். பொருளற்ற சொற்களைக் காட்டியபோதே பிடித்துப்போயிற்றாம். நம் இன்றைய பாடல் வரிகளுக்கு இது ஆறுதலான முடிவு. ஓர் எல்லைக்குமேல் அந்தப் பிடிப்பு சரியத் தொடங்கும் என்றார் இன்னோர் உளவியலாளர் பெர்லைன். எல்லை எங்கே என்பதை அறிய நிலையங்கள், பாட்டின் சில விநாடித் துண்டைத் தொலைபேசியில் போட்டுக்காட்டி ‘அலுத்துவிட்டதா?’ என்று கேட்கும் வழக்கம் மேல்நாடுகளில் உண்டு. அலுத்தவர் எவரும் போனை எடுக்கமாட்டார் என்பது இம்முறையின் சிறு குறை.

எல்லை காணும் முயற்சியில் உச்சம் தொட்டவர் ஆஸ்திரியா நாட்டின் ஃபில்லாக் நகரத்து அறிவிப்பாளர் ஒருவர். 2015 டிசம்பரில் ஒலிபரப்பு அறையின் கதவை அடைத்துக்கொண்டு ‘லாஸ்ட் கிறிஸ்துமஸ்’ பாட்டை 24 முறை தொடர்ந்து போட்டார். இரண்டு மணி நேரம் நேயர்கள் போன் செய்து அலறினார்கள், பலிக்கவில்லை. கடைசியில் அவருடைய நான்கு வயது மகள் போன் செய்து, தனக்கு இந்தப் பாட்டுப் பிடிக்கவில்லை என்றாள். நிறுத்திவிட்டார். நேயர் கருத்து ஒன்று பாட்டுப்பட்டியலை உடனடியாக மாற்றியதற்கு இவ்வாய்வாளர் அறிந்த ஒரே சான்று இது. தமிழகத்தில் இதைப் பரிந்துரைக்க, நிலையங்களின் நிகழ்ச்சித் தலைவர்கள் வீட்டில் நான்கு வயதுப் பிள்ளை இருப்பது முன்நிபந்தனையாகும்.

இறுதியாக, முடிவுகளை மேற்கு மாம்பலம் மாஸ்டரிடம் படித்துக்காட்டி ஒப்புதல் பெற முயன்றோம். நாள் முழுவதும் அதே பாட்டைக் கேட்கும் கொடுமையை அவரே தம் வாயால் சொன்னால் நன்றாயிருக்கும் என்று வேண்டினோம். அவர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, “நீங்க பாட்டையா சார் கேக்குறீங்க? நான் கேக்குறதே இல்லியே. தைச்சது எப்போ கிடைக்கும்னு வர்றவங்க கேக்குறது காதுல விழக்கூடாதுன்னுதானே அதைப் போட்டு வெச்சிருக்கேன்” என்றார்.

இக்கூற்று தலைமைக் கருதுகோளோடு ஒத்துவராமையின் தரவுத் தொகுப்பிலிருந்து விலக்கப்பட்டது.