இரண்டு கதவுக்கு எவ்வளவு?

சுங்கை பூலோவுக்கு வெளியூர் ஆட்கள் வருவது பெரும்பாலும் இரண்டு காரியத்துக்கு. ஒன்று ஆஸ்பத்திரி, இன்னொன்று பூச்செடி. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களும் திரும்பும்போது ஒரு காகிதப்பூச் செடியை மடியில் வைத்துக்கொண்டுதான் போவார்கள். 1930இல் இங்கே தொழுநோயாளிகளுக்கென்று ஒரு குடியிருப்பு வந்தது. அங்கிருந்தவர்கள் பிழைப்புக்காகச் செடி வளர்த்து விற்றதில் கிளைத்தவைதான் இன்று சாலையோரம் நிற்கும் நர்சரிகள். அந்த நர்சரிகளில் பேரம் பேசுவதில், கிள்ளானில் இருக்கும் என் அக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை. என்னைப் பார்க்க வருவதாகச் சொல்லி வருவாள். போகும்போது காரின் பின்பக்கம் நாலு தொட்டி இருக்கும்.

அக்காவின் முறையில் சூட்சுமம் ஒன்றும் கிடையாது. முதலில் பொருளை மட்டம் தட்டுவாள். பிறகு பாதி விலைக்குக் கேட்பாள். இல்லை என்றால் கிளம்பிவிடுவாள். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா சேலைக் கடைகளில், அக்கா படி இறங்குவதைப் பார்த்தே ஐந்து வெள்ளி குறையும். செருப்பு மாட்டும்போது இன்னொரு ஐந்து குறையும். அதற்காகவே தீபாவளிச் சாமான் வாங்கப் போகிற அன்றைக்கு வார் வைத்த செருப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்வாள். மாட்ட நேரம் பிடிக்கும் அல்லவா?

இப்படிப்பட்டவளுக்கு மகனாகப் பிறந்தும், என் மருமகனுக்குப் பேரம் என்றால் கூச்சம். வயது இருபத்தெட்டு. சம்பளம் சுமார். ஆசை சுமார் இல்லை. ஹோண்டா சிவிக் டைப் ஆர் வாங்கப்போவதாக ஒருநாள் வந்து நின்றான். அந்தக் கார் 2023இல் இங்கே அறிமுகமானபோது விலை 399,900 வெள்ளி. தன் தாயாரிடம் அதை "மூணு லட்சத்துச் சொச்சம்மா" என்று சொல்லியிருக்கிறான். பொய் இல்லைதான்.

காகிதம் எடுத்து உட்கார்ந்தோம். பத்து விழுக்காடு முன்பணம், மீதிக்கு ஒன்பது வருஷக் கடன், வட்டி மூன்று விழுக்காடு என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 4,232 வெள்ளி வருகிறது. அப்போது இங்கே கார்க் கடனுக்கு வட்டியை முதலிலேயே மொத்தத் தொகைக்கும் போட்டுவிடுகிற பழக்கம் இருந்தது. மூன்று என்று கேட்கச் சின்னதாக இருக்கிற எண், ஒன்பது வருஷத்தில் 97,000 வெள்ளியைத் தாண்டிவிடுகிறது. அந்த வட்டிப் பணத்துக்கே நல்லதாக ஒரு கார் வாங்கலாம் என்றேன். அவன் தன் சம்பளத்தை ஒரு தடவை மனசுக்குள் கழித்துப் பார்த்துவிட்டு, டொயோட்டா ஜிஆர் கொரோலாவுக்கு இறங்கினான். அதன் அறிமுக விலை 355,000.

அங்கேதான் அக்கா பேச்சில் நுழைந்தாள். ஜிஆர் கொரோலாவின் எஞ்சின் 1,618 சி.சி. ரோட் டாக்ஸ் 1,600 சி.சி. வரைக்கும் 90 வெள்ளிதான். அதைத் தாண்டிவிட்டால் 200 வெள்ளி, தாண்டிய ஒவ்வொரு சி.சி.க்கும் நாற்பது காசு. கூட்டினால் 207 வெள்ளி 20 காசு. மூன்றரை லட்சத்தைக் கேட்டு அசராத அக்காவுக்கு இந்தப் பதினெட்டு சி.சி. பொறுக்கவில்லை.

"ஏன்டா, கடையில சொல்லி அந்தப் பதினெட்ட மட்டும் எடுத்துட்டுத் தரச் சொல்லக் கூடாதா?"

புதுக் காரின் ஷோரூமில் பேரம் என்று பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை என்பதை அவளுக்கு விளக்குவது பெரும்பாடாகிவிட்டது. விலை அச்சடித்து ஒட்டியிருக்கும். கண்ணாடிக்குக் கறுப்புத் தாள், கால்மிதி, முதல் சர்வீஸ், இப்படி ஓரம் சாரம்தான் நம் வாய்க்கு அகப்படும். கிராக்கி உள்ள கார் என்றால் அதுவும் தலைகீழாகி, அந்தக் கால்மிதியை நம் தலையில் கட்டப் பார்ப்பார்கள். போதாக்குறைக்கு, வெளிநாட்டிலிருந்து முழுசாக வந்து இறங்கும் காருக்குக் கலால் வரி 60 விழுக்காட்டில் ஆரம்பித்து 105 வரை போகிறது. விற்பனை வரி தனி. ஆக நாம் சண்டை போட வேண்டிய ஆள் ஷோரூமில் இல்லை, அரசாங்கத்தில் இருக்கிறார். அரசாங்கத்துக்கு முன்னால் போய்ச் செருப்பு மாட்டிக் காட்டினால் ஐந்து காசு குறையுமா?

கடைசியில் பையன் வந்து நின்ற இடம் புரோட்டோன். இதைக் கேட்டு அக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல ஆனது. விலையைக் கேட்டதும் அந்தப் பால் திரிந்துவிட்டது.

அவன் கேட்டது புரோட்டோன் சத்ரியா ஆர்3. சத்ரியா 1994இல் வந்த சின்னக் கார், மூலம் மிட்சுபிஷி. அதில் 1.8 எஞ்சின் வைத்து, அப்போது புரோட்டோன் கையில் இருந்த லோட்டஸ் கம்பெனி ஆட்களை விட்டு ஓட்டத்தைச் சீர்செய்து, ஜிடிஐ என்று விட்டார்கள். அந்தக் காலத்தில் தாமான் பக்கம் ஒரு ஜிடிஐ போனால், பெண் பிள்ளைகள் வைத்திருக்கும் வீடுகளில் கதவைச் சாத்துவார்கள். அதற்கும் மேல் ஒரு படியாக 2004இல் வந்தது ஆர்3. மொத்தமே 150 என்று கணக்கு. பின்னால் 2010இல் சத்ரியா நியோவிலும் லோட்டஸ் ரேசிங் பெயரில் ஓர் ஆர்3 வந்தது, இருபத்தைந்தே கார், ஒன்று 115,000 வெள்ளி. நம் ஊர்க் காரிலும் இப்படிக் கிறுக்கு உண்டு என்பதை அக்கா நம்பத் தயாராக இல்லை. 2002இல் கரம்ஜித் சிங் உலக ராலியில் உற்பத்திக் கார்களுக்கான பட்டத்தைப் புரோட்டோனில் ஓட்டித்தான் ஜெயித்தார் என்று எடுத்துச் சொன்னேன். "அவருக்கு ஜன்னல் ஏறி எறங்குச்சாமா?" என்றாள். புரோட்டோனின் பவர் விண்டோவை வைத்து இந்த நாட்டில் எல்லா இனத்தவரும் ஒற்றுமையாகச் சிரிப்பது வழக்கம்.

கார் சுங்கை பூலோவிலேயே ஒரு பழைய கார் வியாபாரியிடம் இருந்தது. கேட்ட விலை 68,000. புதுச் சாகாவே நாற்பதாயிரத்துக்குள் ஆரம்பமாகிற நாட்டில், இருபது வயது தாண்டிய புரோட்டோனுக்கு அறுபத்தெட்டு.

படையோடு போனோம். நான், அக்கா, மருமகன், எங்கள் போர்மன் அண்ணன். மற்ற ஊரில் மெக்கானிக் என்பார்கள். எங்களுக்கு அவர் போர்மன். அவருடைய வேலை காரைப் பார்ப்பது, அக்காவுடையது பேசுவது, என்னுடையது காருக்குள் ஏசி போட்டு வைப்பது. மருமகனுக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்திருந்தோம். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்ள வேண்டும். புடிக்கலை என்பது மாதிரி. வீட்டுக் கண்ணாடி முன்னால் ஒத்திகையும் பார்த்தான்.

பானட்டைத் திறந்தார்கள். பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. மருத்துவமனையில் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டும்போது தகப்பன்மாருக்கு ஆகுமே, அந்த நிலைமை. விற்கிற தம்பி அதைப் பார்த்துவிட்டான். அந்த நொடியிலிருந்து எங்களுக்கு அந்தக் காரின் விலை 68,000தான்.

அக்கா விடவில்லை. காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"தம்பி, இதுக்கு ரெண்டு கதவுதான இருக்கு?"

"ஆமாங்க்கா, ரெண்டு கதவுதான்."

"நாலு கதவு வச்ச புதுக் காரே நாப்பதுக்குக் குடுக்குறான். ரெண்டு கதவுக்கு நீ அறுபத்தெட்டு கேக்குற. அப்ப ஒரு கதவு எவ்வளவுடா விழுது?"

"முப்பத்து நாலு விழுதுங்க்கா."

"பின்சீட்டுல மனுசன் ஏற முடியுமா?"

"கஷ்டம்ங்க்கா. எங்கம்மாவும் ஏற மாட்டேன்னுட்டாங்க."

பேரத்துக்கு எதிராளி வேண்டும். செடிக்காரர் "இல்லம்மா, நல்ல செடிம்மா, ஒட்டுக் கட்டுனது" என்று மறித்துப் பேசினால்தான் அக்கா அதில் காலை வைத்து ஏற முடியும். இந்தத் தம்பி எதையும் மறுக்கவில்லை. பழசா, ஆமாம் பழசு. பெட்ரோல் குடிக்குமா, குடிக்கும். பேங்க் லோன் கிடைக்குமா, கிடைக்காது, ரொக்கம்தான். பேச்சோடு பேச்சாக, ஜொகூரிலிருந்து ஒருத்தர் வியாழக்கிழமை வருவதாகவும் சொன்னான். பழைய கார் வியாபாரத்தில் இந்த ஜொகூர்க்காரர் பல வருஷமாக வந்துகொண்டே இருக்கிறார். அவர் முகத்தை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் அவரை நினைத்தால் வயிற்றைப் பிசையத்தான் செய்கிறது.

நர்சரியில் இன்றைக்கு விட்டால் நாளைக்கு இன்னொரு செடி துளிர்க்கும். அது விற்கிறவருக்கும் தெரியும், அதனால்தான் அவர் இறங்கி வருகிறார். சத்ரியா ஆர்3 துளிர்க்காது. இருக்கிற 150இல் எத்தனை மரத்தில் மோதினவோ, எத்தனை துருப்பிடித்து இரும்புக் கடைக்குப் போனவோ! வருஷத்துக்கு வருஷம் எண்ணிக்கை குறையும், விலை ஏறும். விற்பவனுக்கு அவசரம் என்ன?

அக்கா கடைசி ஆயுதத்தை எடுத்தாள். "சரி தம்பி, வரோம்" என்று கிளம்பி, வாசல் வரை போய், பையைத் திறந்து மூடி, குடையை விரித்துச் சுருக்கி, நிதானமாக நடந்தாள். தம்பி எழுந்து நின்று, "பாத்துப் போங்கக்கா, அங்க பள்ளம் இருக்கு" என்றான்.

எதிர்ப்பக்க மாமாக் கடையில் போய் உட்கார்ந்தோம். அக்கா வாய் திறக்கவில்லை. தே தாரிக்கில் சீனி அதிகம் என்றுகூடச் சொல்லவில்லை. எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

போர்மன் அண்ணன்தான் சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட் அட்டையை எடுத்தார். நாங்கள் கதவு எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் தரையில் படுத்து வேலை பார்த்து, எல்லாவற்றையும் அதில் குறித்து வைத்திருக்கிறார். முதல் விஷயம், கார் அசல்தான். இது சின்ன விஷயம் இல்லை. 1.3 சத்ரியாவை வாங்கி, ஜிடிஐ பம்பரை மாட்டி, சிவப்பு எழுத்து ஒட்டி விற்ற காலம் ஒன்று உண்டு. அப்படி வேஷம் போட்ட கார்கள் இன்னமும் ஓடுகின்றன. அண்ணன் எஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் பதிவுச் சான்றான கெரானோடு ஒத்துப் பார்த்திருந்தார். எஞ்சின் 4ஜி93பி, மாற்றப்படாதது. சேசிஸ் நம்பரைச் சுற்றி வெட்டி ஒட்டிய வெல்டிங் தடம் இல்லை. கதவு இடுக்கில் பெயின்ட் ஒரே நிறம்.

அதற்கடுத்தது குறைகள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு ரசீது இல்லை. எஞ்சின் மவுண்டிங் வெடித்திருக்கிறது. பின்சக்கரத்து வளைவின் உள்பக்கம் துரு. முன் பம்பர் அசல் இல்லை, வெளியில் செய்தது. ரிம்மும் அசல் இல்லை. இடப்பக்க ஜன்னல் இறங்கினால் ஏறவில்லை. இதைக் கேட்டதும் அக்காவுக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது.

கறாராகப் பார்த்தால், இந்த மாதிரிக் காருக்கு நியாய விலை என்பது இந்தச் சிகரெட் அட்டையில்தான் இருக்கிறது. "பழசு", "ரெண்டு கதவு", "சின்னது" என்பதெல்லாம் விற்பவன் காதில் ஏறாது. வாங்க வருகிறவன் அதற்காகத்தானே வருகிறான். ஆனால் அசல் பம்பர் இல்லாத ஆர்3, ஆர்3 விலைக்குப் போகக் கூடாது என்பது அவனுக்கும் உறைக்கும். காரணம், அந்தப் பம்பரைத் தேடி அலைவது எவ்வளவு பாடு என்று நம்மைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். அபூர்வக் காருக்கு அபூர்வ விலை கேட்டால், அபூர்வமான சாமான் எல்லாம் அதில் இருக்க வேண்டும். இல்லாததற்கு ஒவ்வொன்றாக விலை போட்டுக் கழிக்கலாம். இதற்குப் பேர் பேரம் இல்லை, கணக்கு. மருமகன் அந்தக் குறைகளை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து வந்திருந்தான். அந்த மட்டும் பையன் கெட்டிக்காரன்.

திரும்பிப் போனோம். இந்தத் தடவை அண்ணன் பேசினார். குரலை உயர்த்தவே இல்லை. மவுண்டிங் இவ்வளவு, பெல்ட் இவ்வளவு, துரு அறுத்து ஒட்ட இவ்வளவு. தம்பி போனில் யாரையோ அழைத்து உள்ளே போய்ப் பேசினான். முதலாளியாக இருக்கலாம், அந்த ஜொகூர்க்காரராகவும் இருக்கலாம். வெளியே வந்து 65,000 என்றான். அக்கா சும்மா இருப்பாளா? "ஜன்னலுக்கு?" என்றாள். ஜன்னலுக்கு ஐந்நூறு குறைந்தது. 64,500. ஊர் மொத்தமும் சிரிக்கிற அந்தப் புரோட்டோன் ஜன்னலால் லாபம் பார்த்த முதல் ஆள் என் அக்காவாகத்தான் இருக்கும்.

பெயர் மாற்றத்துக்கு முன் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். ஏஜென்ட் பெண்ணுக்கு அக்கா வீட்டிலிருந்து, ஸ்பீக்கரைப் போட்டு அழைத்தான் பையன்.

"சிஸ்டத்துல அந்த வருஷத்து சத்ரியாவுக்கு மார்க்கெட் விலையே காட்டலண்ணே. பழைய காருதானே, அஞ்சாயிரம், ஆறாயிரம் போட்டுக்கலாமா?"

அறுபத்து நாலாயிரத்து ஐந்நூறு கொடுத்த கார் நாளைக்குத் திருடு போனால் ஆறாயிரம் வரும். ஒரு தொகையை இரண்டு தரப்பும் பேசி ஒத்துக்கொண்டு பாலிசியில் எழுதும் வழி ஒன்று உண்டு. அதற்குக் காரின் மதிப்பை நாம் நிரூபிக்க வேண்டும். அக்கா போனைப் பிடுங்கினாள்.

"என்னம்மா பழைய காருன்ற? மொத்தமே நூத்தம்பதுதான் செஞ்சான், தெரியுமா? நாலு கதவு வச்ச காரு ரோட்டுல ஆயிரம் போவுது. ரெண்டு கதவு எங்கயாச்சும் பாத்திருக்கியா நீ?"

"சரிங்கம்மா, கோவிச்சுக்காதீங்க. மேல கேட்டுப் பாக்குறேன். காரு எவ்வளவு நல்லா இருக்குன்னு காட்டுற மாதிரி உங்ககிட்ட இருக்கற படத்த எல்லாம் இப்பவே அனுப்பிவிடுங்க."

மருமகன் போனைத் திறந்து படங்களைத் தள்ளிக்கொண்டே போனான். துரு. வெடித்த மவுண்டிங். துரு, கிட்டத்தில். ஒட்டுப் போட்ட பம்பர். பாதியில் நிற்கும் ஜன்னல்.