கேட்டால் சொந்தக்காரனாகிவிடுவான்

தேனியிலிருந்து கம்பம் போகும் பேருந்தில் ஒருவர் செல்போனை அலறவிட்டு ரீல்ஸ் பார்க்கிறார். வீரபாண்டி தாண்டுவதற்குள் ஒரே குத்துப்பாட்டு பேருந்து முழுக்க மனப்பாடம் ஆகிவிடுகிறது. யாராவது கேட்பார்களா? மாட்டார்கள். எல்லோரும் கண்டக்டரைப் பார்ப்பார்கள். கண்டக்டர் டிக்கெட் மெஷினைப் பார்ப்பார்.

இதைக் கோழைத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் முன்பின் தெரியாதவர் என்று யாரும் கிடையாது. "தம்பி, சத்தத்தைக் கொஞ்சம் கொறைப்பா" என்று சொல்லிப் பாருங்கள். "அண்ணனுக்கு எந்த ஊரு?" என்று பதில் வரும். உத்தமபாளையம் வருவதற்குள் அவன் உங்கள் மச்சினனுடைய சகலை மகன் என்று தெரிந்துவிடும். அப்புறம் என்ன, அந்தப் பாட்டை நீங்களும் தலையாட்டிக் கேட்க வேண்டியதுதான்.

சட்டம் சும்மா இல்லை. பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம் என்று 2003இலேயே சொல்லியாயிற்று. பேருந்தில் பெண்களை முறைப்பது, கண்ணடிப்பது, விசிலடிப்பது கூடாது என்று 2022இல் தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளையே திருத்தினார்கள். அப்படிச் செய்பவரை நடத்துநர் இறக்கிவிடலாம். வழியிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்கலாம். ஆனால் சட்டத்துக்கு மச்சினன் கிடையாது, நமக்கு உண்டு.

ஆகவே, பாட்டுக்காரனைக் கம்பம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். பெண்ணிடம் வம்பு செய்பவனைச் சின்னமனூர் வரைகூடப் பொறுக்காதீர்கள். ஊர் விசாரிக்காமல் நடத்துநரைக் கூப்பிடுங்கள், அவன் சொந்த மாமன் மகனாகவே இருந்தாலும்.